புள்ளி மறைந்த பக்கங்கள்: கெடாத் தமிழரும் அகப்பக்கத் தோற்றச் சிக்கல்களும்

மலாய்த் தீபகற்பத்தின் வடமேற்கில், பினாங்குக்கும் தாய்லாந்து எல்லைக்கும் இடையே அமைந்துள்ள கெடா மாநிலத்தின் வடபகுதி நெல்வயல்களாலும் தென்பகுதி ரப்பர், செம்பனைத் தோட்டங்களாலும் அறியப்படுவது. கோலா மூடா, கூலிம், பாலிங், பண்டார் பாரு ஆகிய தென்மாவட்டத் தோட்டங்களைச் சுற்றியே அம்மாநிலத் தமிழரின் குடியிருப்பும் கோயிலும் பள்ளியும் வாசிப்பும் நெடுங்காலம் அமைந்திருந்தன. 1924இல் கோலாலம்பூரில் தொடங்கிய தமிழ் நேசன் போன்ற நாளிதழ்கள் தோட்டத்து வாசகரை அடையத் தாமதமாகியிருக்கலாமே தவிர, எழுத்து உருமாறி அடைந்ததில்லை. அச்சகத்தில் கோத்த எழுத்து எந்த வடிவில் தாளில் பதிந்ததோ, அதே வடிவில்தான் பீடோங்கிலும் பாடாங் செராயிலும் படிக்கப்பட்டது. அச்சு அளித்த இந்த உறுதியை இணையம் முதன்முதலாகக் குலைத்தது. எழுதியவரின் திரையில் சீராக நின்ற தமிழ், வாசிப்பவரின் திரையில் கேள்விக்குறிகளாகவும் வெற்றுக் கட்டங்களாகவும் பிரிந்துபோன கொம்புகளாகவும் தெரிந்த காலம் ஒன்று இருந்தது. அதன் எச்சங்கள் இன்றும் முற்றிலும் நீங்கிவிடவில்லை.

இணையப் பக்கம் ஒன்றின் தலைப்புப் பட்டை, பத்தி அகலம், எழுத்துரு, வரி இடைவெளி, வண்ணம் ஆகியவற்றை முன்கூட்டியே வகுத்துவைக்கும் கோப்புத் தொகுதிக்கு வார்ப்புரு என்று பெயர். டெம்ப்ளேட், தீம் என்ற சொற்களும் மலேசியத் தமிழரிடையே வழக்கில் உள்ளன. வார்ப்புருக்களில் மிகப் பெரும்பாலானவை லத்தீன் எழுத்தின் இயல்பை மனத்தில் கொண்டு வடிவமைக்கப்பட்டவை. ஒவ்வோர் எழுத்தும் தனித்து நிற்கும், ஒன்றன்பின் ஒன்றாக இடமிருந்து வலமாக அடுக்கப்படும், மேலும் கீழும் அதிகம் நீளாது என்பதே அவற்றின் எடுகோள். தமிழிலோ ஒரு மெய்யைச் சுற்றி இடப்புறம் கொம்பும் வலப்புறம் காலும் தலைமேல் புள்ளியும் அமைகின்றன. ஆகவே தமிழ்ப் பக்கங்களில் தோன்றிய கோளாறுகள் தமிழின் குறையால் விளைந்தவை அல்ல, வாசகரின் அறியாமையால் விளைந்தவையும் அல்ல. எனினும் அவற்றைச் சரிசெய்யும் சுமை முதலில் வாசகர் தோளிலும், பின்னர் பக்கத்தை நடத்திய ஆசிரியர், எழுத்தாளர் தோளிலும் விழுந்தது என்பதும், அச்சுமை உரியவர்களான வடிவமைப்பாளர்களிடம் சென்று சேர ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின என்பதும் இவ்வரலாற்றின் மையமான செய்தி.

தமிழ் இணையத்தின் தொடக்கம் மலேசிய, சிங்கப்பூர்த் தமிழரோடு நெருங்கிப் பிணைந்தது. மலேசியரான முத்து நெடுமாறன் 1985இல் உருவாக்கத் தொடங்கிய முரசு மென்பொருள், பிற்காலத்தில் முரசு அஞ்சல் என்ற பெயரில் இந்நாட்டுத் தமிழ் அச்சுத் துறையிலும் பள்ளிகளிலும் பரவலாகப் புழங்கியது; சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி உருவாக்கிய கணியன் முறையைக் கொண்டு 1995 அக்டோபரில் தமிழ்க் கவிதைகள் இணையத்தில் ஏறின. அடுத்த ஆண்டில் கெடாவின் கூலிமில் உயர்தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டது. கணினியின் உறுப்புகள் செய்யப்படும் இடம் தோட்டத்துக்கு அருகில் வந்துவிட்டது. ஆயினும் தோட்டத்துப் பிள்ளையின் தாய்மொழி அக்கணினியில் தோன்றுவதற்கு இன்னும் பல படிகளைக் கடக்க வேண்டியிருந்தது.

அக்காலத்துத் தமிழ்ப் பக்கம் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு குறியாக்கத்தைக் கொண்டிருந்தது. குறியாக்கம் என்பது எந்த எண் எந்த எழுத்தைக் குறிக்கும் என்ற உடன்பாடு. ஒரு தளம் மயிலை எழுத்துருவிலும் மற்றொன்று முரசு அஞ்சலின் எழுத்துருவிலும் வேறொன்று தமிழக அரசு 1999இல் அறிவித்த தாப், தாம் முறைகளிலும் இயங்கின. வாசகர் முதலில் அந்தந்த எழுத்துருவைப் பதிவிறக்கி, வின்டோஸின் எழுத்துரு உறையில் இட்டு, உலாவியின் காட்சிப் பட்டியலுக்குச் சென்று, குறியாக்கம் என்ற வரிசையில் 'பயனர் வரையறுத்தது' என்ற தெரிவைச் சொடுக்க வேண்டும். அதன் பின்னரும் உலாவியின் எழுத்துரு அமைப்பில் அத்தெரிவுக்குரிய எழுத்துருவாகத் தமிழைக் குறித்துவைக்க வேண்டும். இவ்வளவும் செய்து முடித்தவர் அடுத்த தளத்துக்குப் போனதும் மீண்டும் முதலிலிருந்து தொடங்க நேர்ந்தது. சொந்தக் கணினி வைத்திருந்தவருக்கே இது தொல்லை என்றால், வாடகைக் கணினியில் அமர்ந்தவருக்கு, அங்கே எழுத்துருவை நிறுவும் உரிமையே இல்லாதபோது, தமிழ்ப் பக்கம் என்பது பெரும்பாலும் குறிகளின் குவியலாகவே எஞ்சியது.

இக்குழப்பத்தைத் தீர்க்க 1997க்குப் பின் பல நாட்டுத் தமிழ்க் கணினி ஆர்வலர்கள் கூடி வகுத்த பொதுமுறையே திஸ்கி. முதல் 128 இடங்களில் ஆங்கிலத்தையும் அடுத்த 128 இடங்களில் தமிழையும் வைத்த எளிய ஏற்பாடு அது. அதன் வரலாற்றில் ஒரு சிறு நிகழ்ச்சி, தோற்றச் சிக்கல்கள் எவ்வளவு நுண்ணிய இடத்தில் ஒளிந்திருக்கும் என்பதற்குச் சான்றாகிறது. திஸ்கியின் 1.6 பதிப்பில் 'இ' என்ற உயிரெழுத்து 173ஆம் இடத்தில் வைக்கப்பட்டிருந்தது. ஆனால் உலாவிகளும் மின்னஞ்சல் செயலிகளும் பின்பற்றிய மேலைநாட்டு அட்டவணையில் அதே இடம் மெல்லிணைக்கோட்டுக்கு, அதாவது சொல் வரியின் கடைசியில் உடையும்போது மட்டும் தோன்றி மற்ற வேளைகளில் மறைந்திருக்கும் கோட்டுக்கு உரியது. விளைவாக, எழுதியவர் 'இந்த' என்று தட்டியது சில திரைகளில் 'ந்த' என்று நின்றது. 'இல்லை' என்பது தன் முதலெழுத்தை இழந்தது. எழுத்துரு பழுதென்று எண்ணி அதை மீண்டும் மீண்டும் நிறுவியவர்கள் எத்தனை பேரோ! காரணம் கண்டறியப்பட்டு, 1.7 பதிப்பில் 'இ' 254ஆம் இடத்துக்கு மாற்றப்பட்ட பின்னரே அக்கோளாறு நீங்கியது. உத்தமம் என்று சுருக்கமாக அறியப்படும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் 2000இல் சிங்கப்பூரில் அமைந்ததும், அதன் அடுத்த ஆண்டு மாநாடு 2001 ஆகஸ்டில் கோலாலம்பூரில் கூடியதும் இத்தகைய சிக்கல்களுக்குப் பொதுவான தீர்வு தேடிய சூழலில்தான்.

யூனிகோடு வந்ததும் எல்லாம் தீர்ந்துவிடும் என்ற நம்பிக்கை வலுத்தது. உலக மொழிகள் அனைத்துக்கும் தனித்தனி இடமளிக்கும் அம்முறையில் தமிழ் 1991இன் முதற்பதிப்பிலேயே இடம்பெற்றுவிட்டது. ஆனால் யூனிகோடு எழுத்தின் ஒலிவரிசையை மட்டுமே சேமிக்கிறது. 'கெ' என்பதில் முதலில் ககரமும் பிறகு எகரக் குறியும் பதிவாகின்றன. கொம்பை இடப்புறம் நகர்த்திப் பொருத்தும் வேலையை இயங்குதளத்தில் உள்ள எழுத்தமைப்புப் பொறி செய்தாக வேண்டும். வின்டோஸ் 2000 லதா என்ற எழுத்துருவோடு அப்பொறியையும் தந்தது. அதன்பின் வந்த எக்ஸ்பியில், கட்டுப்பாட்டுப் பலகத்தின் வட்டார, மொழி அமைப்புகளுக்குச் சென்று, சிக்கலான எழுத்துகளுக்கான கோப்புகளை நிறுவு என்ற கட்டத்தைக் குறியிட்டு, கேட்கும்போது மூலக் குறுந்தட்டையும் செருகி, கணினியை மறுபடி தொடக்கினால்தான் தமிழ் ஒழுங்காகத் தெரிந்தது. குறுந்தட்டு கைவசம் இல்லாத வாசகரின் திரையில் மாநிலத்தின் பெயரே, கொம்பு ககரத்துக்குப் பின்னே தள்ளப்பட்டுத் திரிந்து நின்றது. 2007இல் விஸ்டா வந்தபோதுதான் இந்த அமைப்பு இயல்பிருப்பாயிற்று.

வாசகரை இத்தொல்லையிலிருந்து விடுவிக்க, பக்கத்தோடு சேர்ந்தே எழுத்துருவும் இறங்கும் இயங்கு எழுத்துரு முறை கையாளப்பட்டது. அதிராம்பட்டினத்தைச் சேர்ந்தவரும் 2006இல் மறைந்தவருமான உமர் தம்பி உருவாக்கி இலவசமாக வழங்கிய தேனீ எழுத்துரு, பல நாட்டுத் தமிழ் வலைப்பூக்களின் வார்ப்புருவுக்குள் ஒட்டப்பட்டது. தன் பெயர் எங்கும் தெரியாமல் ஆயிரக்கணக்கான பக்கங்களைப் படிக்கத்தக்கதாக்கிய அவருடைய உழைப்பு நன்றியோடு நினைக்கத்தக்கது. அம்முறை இன்டர்நெட் எக்ஸ்புளோரர் உலாவியில் மட்டுமே இயங்கியது. ஃபயர்பாக்ஸுக்கு மாறிய வாசகருக்கு அது பயன்படவில்லை.

வலைப்பூக்களின் காலத்தில் சிக்கலின் இடம் மாறியது. கூகுள் நிறுவனத்தின் பிளாகர் சேவை 2004இல் புதுப்பிக்கப்பட்டபோது டக்ளஸ் பௌமன் முதலிய வடிவமைப்பாளர்களின் வார்ப்புருக்கள் இலவசமாகக் கிடைத்தன. அவற்றுள் மினிமா என்ற எளிய வெள்ளை வார்ப்புரு தமிழரிடையே மிகுதியும் பரவியது. சுங்கைப் பட்டாணியைச் சேர்ந்த கோ. புண்ணியவான், கே. பாலமுருகன் போன்ற கெடா எழுத்தாளர்கள் வலைப்பூக்களில் எழுதத் தொடங்கியபோது, தலைநகர இதழ்களின் பக்க ஒதுக்கீட்டை எதிர்பாராமல் வடமாநிலத்திலிருந்து நேராக வாசகரை அடையும் வாய்ப்பு அம்மாநிலத்துக்குக் கிடைத்தது. அவ்வாய்ப்போடு, அச்சுக்கோப்பவரும் பிழைதிருத்துநரும் பார்த்த வேலையும் எழுதுபவரின் தலையில் வந்து அமர்ந்தது.

மினிமாவின் பக்கப்பட்டைத் தலைப்புகளுக்கு எழுத்து இடைவெளி என்ற அமைப்பில், எழுத்தின் அளவில் ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் இடம் விடப்பட்டிருந்தது. லத்தீன் பேரெழுத்துகளை அகல விட்டு எழுதுவது மேலை அச்சுக்கலையில் அழகு. அதே கட்டளை தமிழ்த் தலைப்பின்மேல் விழுந்தபோது அக்காலத்து உலாவிகள் சில, மெய்க்கும் அதன் உயிர்க்குறிக்கும் நடுவிலும் இடம்விட்டன; காலும் கொம்பும் தத்தம் எழுத்தைவிட்டு விலகி நின்றன. இதைவிடப் பரவலாக அலைக்கழித்தது இருபுறச் சீரமைப்பு. அச்சுநூலைப் போலப் பத்தியின் இரு ஓரங்களும் நேர்கோட்டில் நிற்க வேண்டும் என்று விரும்பிய எழுத்தாளர், வார்ப்புருவில் அதற்குரிய ஒற்றைச் சொல்லை இட்டதும், ஃபயர்பாக்ஸ் இரண்டாம் பதிப்பிலும் அதற்கு முந்தியவற்றிலும் தமிழ்ப் பத்தி முழுவதும் சிதறியது. வரியை நிரப்புவதற்காக இடத்தைப் பகிர்ந்த உலாவி, எழுத்தமைப்புப் பொறியைச் சரிவரப் பயன்படுத்தாமல் கூட்டெழுத்துகளைப் பிரித்துப்போட்டதே காரணம். எக்ஸ்புளோரரில் பார்த்த எழுத்தாளருக்குப் பக்கம் அழகாகத் தெரிந்தது. ஃபயர்பாக்ஸில் பார்த்த வாசகர் எழுத்துரு கேட்டு மடல் எழுதினார். இருவரும் ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டு வெவ்வேறு பக்கத்தைப் பற்றிப் பேசினர். வார்ப்புருவைத் திறந்து அச்சொல்லை நீக்கிவிட்டு இடப்புறச் சீரமைப்பை வைப்பதே அன்றைய மருந்து. 2008 ஜூனில் ஃபயர்பாக்ஸின் மூன்றாம் பதிப்பு வந்தபோது நோயே அகன்றது.

வார்ப்புருவை மாற்றுவது அந்நாளில் அஞ்சத்தக்க செயலாகவும் இருந்தது. 2004இல் தொடங்கிய தமிழ்மணம் திரட்டியில் இணைந்தவர்கள் அதன் கருவிப்பட்டைக்குரிய நிரல்வரிகளைத் தங்கள் வார்ப்புருவுக்குள் ஒட்டியிருந்தனர். புதிய வார்ப்புருவுக்கு மாறியதும் அப்பட்டையும் எழுத்துரு இணைப்பும் சேர்ந்தே அழிந்தன. ஆகவே மாற்றுமுன் பழையதை முழுதாக நகலெடுத்துத் தனிக் கோப்பில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது பட்டறிவால் விளைந்த முதல் விதியாயிற்று. ஒரே வேளையில் ஓர் அமைப்பை மட்டும் மாற்றிப் பார்ப்பது, மாற்றியதை வேறோர் உலாவியிலும் சரிபார்ப்பது ஆகியவை அதனைத் தொடர்ந்த விதிகள். கணினிக் கல்வி பெறாத ஆசிரியர்களும் கதாசிரியர்களும் நிரலாளர்களுக்குரிய இந்த ஒழுக்கத்தைத் தாமே கற்றுக்கொண்டனர். மலேசியத் தமிழிலக்கிய வரலாறுகள் அவர்களின் கதைகளைப் பேசும் அளவுக்கு இவ்வுழைப்பைப் பேசியதில்லை. இது ஒரு பெரிய விடுபடல்.

கைப்பேசியின் வருகை இதே நாடகத்தைச் சுருக்கமாக மறுபடி நடத்தியது. முத்து நெடுமாறனின் செல்லினம் 2005இல் கைப்பேசியில் தமிழ்க் குறுஞ்செய்திக்கு வழிவகுத்தது. ஆயினும் தமிழ் எழுத்துரு இல்லாத கைப்பேசிகளில் இணையப் பக்கங்கள் கட்டங்களாகவே தெரிந்தன. ஒபேரா மினி உலாவியின் முகவரிப் பட்டையில் அமைப்புப் பக்கத்துக்குரிய கட்டளையைத் தட்டி, சிக்கலான எழுத்துகளுக்குப் பட எழுத்துருவைப் பயன்படுத்து என்ற வரியில் 'ஆம்' என்று மாற்றினால், தொலைவிலுள்ள வழங்கி தமிழ் எழுத்துகளைப் படமாக்கி அனுப்பிவைத்தது. 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் தமிழர் ஒருவருக்கொருவர் வாய்மொழியாகவே கடத்திக்கொண்ட மறைவழி இது.

2007இல் அச்சிதழாகத் தொடங்கி 2009 முதல் இணைய இதழாக வெளிவரும் வல்லினம், கெடாவின் லூனாஸில் பிறந்த ம. நவீனை ஆசிரியராகக் கொண்டது. இத்தகைய இதழ்களும் பள்ளி, இயக்க அகப்பக்கங்களும் பெருகிய காலத்தில் வேர்ட்பிரஸ் போன்ற உள்ளடக்க மேலாண்மைச் செயலிகள் பரவின. 2003இல் தொடங்கிய வேர்ட்பிரஸ் 2005இன் 1.5 பதிப்பில் வார்ப்புருக்களை எளிதில் மாற்றும் வசதியைத் தந்தது. 2012 முதல் நிரல்வரிகளைத் தொடாமலே தோற்றத்தைத் திருத்தும் பலகமும் அதனுள் அமைந்தது. எழுத்து சிதறும் பழைய நோய்கள் ஏறக்குறைய மறைந்துவிட்ட இக்கட்டத்தில், கண்ணுக்கு எளிதில் படாத நோய்கள் தலைகாட்டின.

அவற்றுள் முதன்மையானது வரி உயரம். வார்ப்புரு குறிப்பிடும் எழுத்துருவில் தமிழ் இல்லையென்றால் உலாவி அந்தந்தக் கருவியில் உள்ள தமிழ் எழுத்துருவை மாற்றாக எடுத்துக்கொள்கிறது: வின்டோஸில் லதாவோ நிர்மலாவோ, ஆப்பிளில் இணைமதியோ தமிழ் சங்கமோ, ஆண்ட்ராய்டில் நோட்டோவோ வந்து அமர்கின்றன. இவற்றின் உயரம் ஒன்றுபோல் இருப்பதில்லை. லத்தீன் தலைப்புக்கென எழுத்தின் அளவுக்கே இறுக்கப்பட்ட வரியில், எல்லை மீறும் பகுதியை மறை என்ற கட்டளையும் சேர்ந்திருந்தால், மேலே உள்ள புள்ளியும் இகர, ஈகார வளைவுகளும் அல்லது கீழே தொங்கும் உகரச் சுழிகளும் வெட்டுப்படுகின்றன. 'கெடாவில்' என்ற தலைப்பு 'கெடாவில' என்று தெரிகிறது. கட்டமாகத் தெரிந்தால் வாசகர் பழுதென்று அறிவார்; புள்ளி மட்டும் மறைந்தால் எழுதியவரின் எழுத்துப்பிழை என்றே கருதுவார். ஒரு தமிழ்ப்பள்ளியின் அகப்பக்கத்தில் நேரும்போது இந்தப் பழி சிறியதன்று. வரி உயரத்தை ஒன்றரை மடங்குக்குக் குறையாமல் வைப்பதும், தமிழை உள்ளடக்கிய எழுத்துரு ஒன்றை வார்ப்புருவிலேயே பெயர்சொல்லிக் குறிப்பதும் தக்க மருந்து.

முகவரியிலும் ஒரு வெட்டு நேர்கிறது. வேர்ட்பிரஸ் கட்டுரைத் தலைப்பையே அதன் இணைய முகவரியாக ஆக்குகிறது. முகவரிப் பகுதிக்கு 200 குறிகள் என்பது உச்ச வரம்பு. ஆங்கில எழுத்து ஒரு குறியில் அடங்க, தமிழின் ஒவ்வோர் அலகும் மூன்று பைட்டுகளாகிப் பின்னர் ஒன்பது குறிகளாக விரிகிறது. ஆகவே வரம்புக்குள் அடங்குபவை 22 அலகுகள் மட்டுமே, அவற்றிலும் புள்ளியும் கொம்பும் தனித்தனி அலகுகள். 'கெடா மாநிலத் தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகள்' என்று தலைப்பிட்டால் முகவரி 'தோட்டப்புறத' என்பதோடு, கடைசித் தகரத்தின் புள்ளியையும் இழந்து, முடிந்துவிடுகிறது. கட்டுரையின் பொருளான தமிழ்ப்பள்ளிகள் முகவரியில் இடம்பெறுவதே இல்லை. தலைப்பை இட்டதும் முகவரியைக் கையால் சுருக்கி எழுதுவதே இதற்கு வழி.

அமைப்புகளில் மலேசியத் தமிழுக்கென்று ஓர் இடம் இல்லாமையும் தொல்லை தந்தது. வேர்ட்பிரஸின் மொழிப் பட்டியலில் இந்தியத் தமிழும் இலங்கைத் தமிழும் உண்டு. எண்களை வட்டாரப்படி அச்சிடும் உலாவி வசதியில் இந்தியத் தமிழைத் தெரிந்தால் ஒரு லட்சம் 1,00,000 என்று காற்புள்ளி பெறுகிறது. ரிங்கிட்டில் கணக்கெழுதும் மலேசியருக்கு 100,000 என்பதே வழக்கு, மலேசியத் தமிழ் என்ற வட்டாரக் குறியை இட்டால்தான் அது கிடைக்கிறது. நேர வலயமும் அத்தகையதே. தீபகற்ப மலேசியா 1982 ஜனவரி 1 முதல் உலகப் பொதுநேரத்துக்கு எட்டு மணிநேரம் முந்தியிருக்கிறது. புதிதாக நிறுவிய தளத்தில் அமைப்பை மாற்றாமல் விட்டால் பொதுநேரமே தொடர்வதால், தைப்பொங்கல் காலை ஏழு மணிக்கு அலோர் ஸ்டாரிலிருந்து ஏற்றிய வாழ்த்து முந்தைய நாள் தேதியைத் தாங்கி நிற்கும். வார்ப்புருவின் பிழையென்று எண்ணி அதை மாற்றிப் பார்ப்பவருக்கு விடை கிடைக்காது. பொது அமைப்புகளில் கோலாலம்பூரைத் தெரிந்தால் போதும்.

இந்நாட்டுச் செய்திகளில் 'டத்தோ ஸ்ரீ', 'டான் ஸ்ரீ' என்ற விருதுப் பெயர்கள் நாள்தோறும் வருவதால், ஸ்ரீ என்ற கூட்டெழுத்தின் சிக்கல் இங்கே கூடுதலாக உறைத்தது. 2005இல் யூனிகோடின் 4.1 பதிப்பு தமிழ்ப் பகுதியில் சகரத்தின் கிரந்த வடிவம் ஒன்றைப் புதிதாகச் சேர்த்தபின், ஸ்ரீயை ஸகரத்தைக் கொண்டும் அப்புதிய எழுத்தைக் கொண்டும் இருவகையாகப் பதிய முடிந்தது. திரையில் இரண்டும் ஒன்றே. தேடலில் இரண்டும் வேறு. பழைய எழுத்துருக்களில் ஒருவகை கூட்டெழுத்தாகப் பொருந்தாமல் உடைந்தும் நின்றது.

பேரிழப்பை விளைத்தவை தள மாற்றங்கள். தரவுத்தளத்தின் குறியாக்கம் லத்தீனாக இருந்து, ஒரு வழங்கியிலிருந்து மற்றொன்றுக்குக் கோப்புகளை நகர்த்தும்போது அது பொருந்தாமல் போனால், தமிழ் எழுத்துகள் தலைக்குறி ஏறிய லத்தீன் எழுத்தும் வட்டத்துள் அடைபட்ட வணிகமுத்திரைக் குறியும் மாறிமாறி வரும் தொடராகிவிடுகின்றன. தமிழின் உயிர்களும் மெய்களும் அனைத்தும் அதே இரு பைட்டுகளில் தொடங்குவதால், அத்தொடரைக் கண்ட அளவில் அனுபவமுள்ளவர் நோயை அறிந்துகொள்வார். குறியாக்கத்தைத் திருத்தினால் எழுத்து மீளும். கேள்விக்குறிகளாக மாறிச் சேமிக்கப்பட்டுவிட்டாலோ மூல எழுத்து அழிந்துபோகிறது, நகல் இல்லாமல் அதை மீட்க எந்த வழியும் இல்லை.

இந்த நீண்ட பட்டறிவிலிருந்து பிழை தேடும் முறை ஒன்று திரண்டது. முதலில் வேறோர் உலாவியிலும் வேறொரு கருவியிலும் பக்கத்தைப் பார்த்து, கோளாறு ஒரு கருவிக்கு உரியதா அனைத்துக்கும் பொதுவானதா என்று அறிவர். அடுத்து, பழைய தோற்றத்தைச் சேமித்துவைத்துத் திரும்பக் காட்டும் தற்காலிகச் சேமிப்பைத் துடைப்பர். திருத்தியும் மாறவில்லை என்ற முறையீடுகளில் கணிசமானவை இங்கேயே தீரும். பின்னர் செருகுநிரல்களை நிறுத்தி, வேர்ட்பிரஸோடு வரும் இயல்பு வார்ப்புருவுக்குத் தற்காலிகமாக மாறிப் பார்ப்பர். அதில் தமிழ் சரியாகத் தெரிந்தால் குற்றம் வார்ப்புருவில் என்பது உறுதியாகும். திருத்தங்களை மூல வார்ப்புருவில் செய்தால் அடுத்த இற்றைப்படுத்தலில் அவை அழியும் என்பதால், அதனைச் சார்ந்து இயங்கும் கிளை வார்ப்புருவில் எழுதிவைப்பர்.

கூகுள் 2010இல் தொடங்கிய இலவச எழுத்துருத் தொகுப்பில் பின்னாளில் காட்டமரன், ஹிந்த் மதுரை, முக்த மலர் போன்ற தமிழ் எழுத்துருக்கள் சேர்ந்ததும், நோட்டோ வரிசை பரவியதும், எழுத்தோடு வார்ப்புருவைப் பொருத்தும் வேலையை வடிவமைப்பாளர்களின் மேசைக்கு ஓரளவு கொண்டுசேர்த்தன. ஆயினும் திஸ்கியிலும் தனி எழுத்துருக்களிலும் எழுதப்பட்ட 2004க்கு முந்திய மலேசியத் தமிழ்ப் பக்கங்கள் இன்றைய எந்த வார்ப்புருவிலும் தெரிவதில்லை. யாழ்ப்பாணத் தமிழரான சுரதா உருவாக்கிய பொங்குதமிழ் போன்ற மாற்றிகள் அவற்றை யூனிகோடாக்க வல்லவை. எந்தப் பக்கம் எந்தக் குறியாக்கத்தில் எழுதப்பட்டது என்று அறிந்தவர்கள் அவற்றை எழுதியவர்களே. தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாக மாறிய ஆண்டுகளைப் பற்றி அத்தோட்டத்து மக்களே எழுதிய குறிப்புகள் அப்பக்கங்களிலும் இருக்கக்கூடும். பழைய கணினிகளிலும் குறுந்தட்டுகளிலும் அவற்றின் நகலை வைத்திருப்போர் வாழும்போதே அவற்றைத் திரட்டிக் குறியாக்கம் மாற்றும் பணியைத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களும் எழுத்தாளர் இயக்கங்களும் மேற்கொள்ள வேண்டியிருக்கிறது. அதற்கு வேண்டிய மென்பொருள் அனைத்தும் இன்று இலவசமாகவே கிடைக்கின்றன.